இரண்டாவது பிரேக்

மையத்திலிருந்து என்னைக் கூட்டி வந்த அன்று, என் காரிலேயே என்னைப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஓட்டியது என் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்து இருக்கையில், அதாவது என் இருக்கையில், என் நாத்தனார். மாதக்கணக்காக மனநல மையத்தில் இருந்துவிட்டு வருகிறவள் வழியில் கதவைத் திறந்து குதித்தாலும் குதிப்பாள் என்று பின்கதவில் குழந்தைப் பூட்டு வேறு போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று இரண்டு பேருக்கும் முன்னொரு நாள் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

எங்களுடையது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. பள்ளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தெருவைப் பார்த்த ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் கூரைமேல் பலகை வைத்த ஒரு கார். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கும் பயிற்சி உரிமம் லாரிக்கு. கார் என் பொறுப்பு. அதில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நான் என் பக்கத்திலிருந்தே வண்டியை நிறுத்திவிடுவேன். பெண்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். நான் கத்துவேன், ஆனால் யாரையும் கேலி செய்ததில்லை.

எனக்கு வந்த நோயில் நாடகம் எதுவும் கிடையாது. ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. பல் தேய்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை, இல்லாததைப் பார்க்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மையத்தில் சேர்த்தார்கள். சேர்த்தது நல்லதற்குத்தான், அதை நான் மறுக்க மாட்டேன். மாத்திரை, பேச்சு, காலையில் மரத்தடியில் நடை என்று மெல்ல மெல்ல மறுபடி ஆளானேன். பசித்தது. சிரிப்பு வந்தது. கடைசியில் கோபமும் வந்தது. கோபம் வந்ததைப் பார்த்து மருத்துவர் ரொம்பவே சந்தோஷப்பட்டார்.

வினை அங்கேயேதான் தொடங்கியது. நான் கிளம்புவதற்கு முன்னால் குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆலோசகர் பேசினார். "அவங்க முடியாம இருந்தப்ப பேசின சில வார்த்தைகளை மனசுல வெச்சுக்காதீங்க. அதெல்லாம் அவங்க பேசல, நோய் பேசுச்சு," என்றார். நல்ல வார்த்தை. கேட்டு நானே அழுதேன். ஆனால் என் குடும்பம் அந்த வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. மடித்துப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டது.

வந்த முதல் நாளே தேநீரில் சர்க்கரை அதிகம் என்றேன். நாத்தனாரும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நோய் பேசுதுடா," என்றாள் நாத்தனார், நான் அங்கே இல்லாதது போல. "மாத்திரை போட்டியா கண்ணு?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருடைய அக்கா. நேரில் நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வாங்க, போங்க என்ற மரியாதைக்கும் குறைச்சல் இருக்காது. மனதுக்குள் எப்போதும் அவள், இவள்தான். அவள் பிள்ளைகள் வேலைக்கு என்று வெளியூர் போன பிறகு தனியாக இருந்தாள். நான் படுத்ததும் பெட்டியோடு வந்து இறங்கினாள். சமைத்தாள், துவைத்தாள், தொலைபேசியை எடுத்தாள், தம்பியைச் சாப்பிட வைத்தாள். அவள் இல்லாவிட்டால் வீடு நாறியிருக்கும். இதையெல்லாம் சொல்வது அவளுக்கு நன்றி காட்ட இல்லை. இவ்வளவு நல்லவளைப் பழி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நான் இல்லாதபோது வீட்டுக்காரர் கழற்றியிருந்தார். திருகாணி இருந்த ஓட்டைகளில் மக்கு வைத்து அடைத்து, மேலே வர்ணம்கூடப் பூசியிருந்தார். இந்த மனிதர் ஒழுகும் குழாயை மாற்ற ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறவர். நான் குளிக்கப் போனால் நாத்தனார் வெளியே நாற்காலி போட்டு உட்காருவாள். கொஞ்ச நேரம் தண்ணீர் சத்தம் கேட்காவிட்டால், "கண்ணு?" என்பாள். சோப்புப் போடும்போது எப்படி அம்மா தண்ணீர் சத்தம் கேட்கும்?

மாத்திரை கொடுத்தால் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். மையத்தில் செவிலியர் யாரிடமோ அப்படிச் சொன்னதை ஒரு நாள் பார்த்துவிட்டாள். என்னிடம் அங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான்தான் சொன்ன நேரத்துக்கு ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேனே. இருந்தும் காட்டினேன். முதல் வாரம் பொறுமையாகக் காட்டினேன், அடுத்த வாரம் பழிப்புக் காட்டுவதுபோல நீட்டினேன். அதையும் நோய் என்று சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. நான் என்ன பேசினாலும் செல்லாது. சரி, செல்லாத காசை வாரி இறைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. "அண்ணி, நீங்க பாடினா தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி இருக்கு," என்றேன். சிரித்தாள். "நீங்க வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல உப்புக்கு மட்டும்தான் பஞ்சம் இல்ல," என்றேன். என் தலையைத் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்காரரிடம், "உங்களைக் கட்டினதுக்கு உங்க லாரியையே கட்டியிருக்கலாம், அதுவாவது ஹாரன் அடிச்சா சத்தம் போடும்," என்றேன். அவர் கண்ணில் நீர் முட்டியது. "பாவம், எவ்வளவு கஷ்டப்படறா பாரு அக்கா," என்றார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். மழைக்கு இருக்கிற கஷ்டம் யாருக்குத் தெரியும்?

என்னைத் திட்டுங்கள் என்று கெஞ்சத் தோன்றியது. நோய்க்கு முன்னால் இந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். நானும் நாத்தனாரும் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் நின்றுகொண்டே சண்டை போட்டிருக்கிறோம். இப்போது என்னோடு சண்டை போட ஒரு நாதியில்லை.

மருத்துவர் வண்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் காதில் அது ஏறவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்," என்றார். சாவி நாத்தனாரின் இடுப்பில் இருந்தது. என்னை அலுவலக அறையில் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு. சிரித்தேன். அங்கே உட்கார்ந்துதான் அந்தத் தொலைபேசிப் பேச்சைக் கேட்டேன்.

வெளியே வாசலில் நின்று நாத்தனார் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பள்ளி ஆசிரியை. என்னிடம் பாதி கற்றுக்கொண்டிருந்தவள், நான் வரட்டும் என்று அத்தனை மாதம் வேறு எங்கும் போகாமல் காத்திருந்தவள். சுவர் மெல்லியது, நாத்தனார் குரல் மெல்லியதல்ல.

"அவ வந்துட்டா டீச்சர். நல்லாத்தான் இருக்கா. ஆனா இனிமே வண்டிப் பக்கம் வரமாட்டா. நீங்களே சொல்லுங்க, அவளை நம்பி யாரு பக்கத்துல உட்காருவாங்க? எப்ப என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்? நான் பயிற்சி உரிமத்துக்குப் போட்டிருக்கேன். அடுத்த மாசம் எனக்கு டெஸ்ட். வந்துடும். நானே உங்களுக்குச் சொல்லித் தரேன்."

ஒரே கார், ஒரே இருக்கை. இவள் தேறினால் அதில் உட்காருவது இவள்தான். நான் ஆயுசுக்கும் மேசைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருக்கக் கொஞ்சம் இடம் கொடுத்தவளின் மடத்தையே பிடுங்குகிறாள், அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அந்த நிமிடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இவள் தேறக்கூடாது.

கடவுள் என் பக்கம் இருந்தார் என்றுதான் நினைத்தேன். பயிற்சியாளர் தேர்வு பள்ளியின் காரில்தான் நடக்கும். தேர்வுக்கு வந்தவர் ஓட்டுவார், அதிகாரி பின்னால் உட்காருவார், பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே கார் பயிற்சி உரிமம் உள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். எங்கள் பள்ளியில் அது நான் ஒருத்திதான். வேறு பள்ளியில் ஆள் கேட்டுப் பார்த்தார்கள். போட்டிக்காரனுக்கு உரிமம் வாங்கிக் கொடுக்க எவன் வருவான்? வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார்கள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் கண்ணு. சும்மா உட்கார்ந்திருந்தா போதும். முடியுமா?" என்றாள் நாத்தனார், குழந்தையிடம் கேட்பதுபோல.

"முடியும் அண்ணி," என்றேன். என் குரலில் அவ்வளவு தேன் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தத் தேர்வில் ஒரு விதி உண்டு. பக்கத்து இருக்கையில் இருப்பவர் இரண்டாவது பிரேக்கைத் தொட்டால் முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் தேர்வு அதோடு முடிந்தது. ஓட்டியவர் தோல்வி, பேச்சுக்கே இடமில்லை. பின்னால் உட்காருகிற அதிகாரியைப் பள்ளிக்காரர்கள் எல்லோரும் கல்லுளிமங்கன் என்றுதான் சொல்லுவோம். வாயிலிருந்து ஒரு சொல்லை வாங்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். அழுதவர்களை, கெஞ்சியவர்களை, மயங்கி விழுந்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டு அசையாமல் இருக்கிற மனிதர். சிவப்பு விளக்கு எரிந்தபின் அவர் மனம் மாறிய சரித்திரம் இல்லை.

தேர்வு வரைக்கும் பழக்கிவிட ஓர் ஆள் வேண்டுமே, நாத்தனாருக்குப் பயிற்சி கொடுத்ததும் நான்தான். அவளுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் எந்நேரமும் கிளட்சின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டிருப்பாள். அதை மாற்றினேன். வளைவில் கண்ணாடியைப் பார்க்க மறப்பாள். அதையும் மாற்றினேன். தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், அது ரொம்பச் சுலபம். தொழிலில் கலப்படம் செய்ய மனம் வரவில்லை. நன்றாக வளர்த்து அறுப்போம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் நன்றாகக் கற்றுக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன், அவளுக்குக் கை பதமாகத்தான் இருந்தது.

இடத்தையும் பார்த்து வைத்தேன். தேர்வுப் பாதையில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நேர் சாலை உண்டு. அகலமானது, ஆள் நடமாட்டம் இல்லாதது. ஓரத்தில் ஒரு பழைய லாரி எப்போதும் நின்றிருக்கும். லாரிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் சட்டென்று குறுக்கே வந்ததாகச் சொல்லிவிடலாம். மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது, இடது பக்கம் இருந்த எனக்குத்தான் தெரிந்திருக்கும். யாரும் மறுத்துப் பேச முடியாது. மாதக்கணக்கில் என் மூளை இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை, அதில் எனக்குப் பெருமைகூட வந்தது.

தேர்வு நாள் காலையில் நாத்தனார் புதுப் புடவை கட்டிக்கொண்டாள். கை வியர்த்துப்போய் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தாள். கல்லுளிமங்கன் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். "எடுங்க," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எடுத்தாள். சந்தையைத் தாண்டினாள், சரிவில் நிறுத்தி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் கிளப்பினாள், இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஒரே திருப்பில் நிறுத்தினாள். காலைக் கிளட்சில் வைக்கவே இல்லை. எனக்கு உள்ளே ஒரு பக்கம் மகிழ்ச்சி, இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல். என் மாணவி இவ்வளவு நன்றாக ஓட்டி நான் பார்த்ததில்லை.

கிடங்குச் சாலை வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், பின்னால் வண்டி எதுவும் இல்லை. பழி வாங்கினாலும் பின்னால் வருகிறவனுக்கு அடிபடாமல் வாங்க வேண்டும். காலை வைத்து அழுத்தினேன்.

வண்டி குலுங்கி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் அதிகாரியின் பேனா கீழே விழுந்து உருண்டது.

"ஏன்?" என்றார் அவர்.

"ஒரு ஆள் குறுக்க வந்துட்டாரு சார். லாரிக்குப் பின்னாலேர்ந்து."

சொல்லிவிட்டுத்தான் முன்னால் பார்த்தேன். லாரி இல்லை. அத்தனை வருடமாக அங்கேயே கிடந்த லாரியை அன்று பார்த்து எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஒரு நாய்கூட இல்லை.

நாத்தனார் சாலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன், அதற்காகத்தானே இவ்வளவும். அவள் முகம் சுருங்கி, கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆளெல்லாம் தெரியுதா கண்ணு? இப்பவும் அங்கதான் நிக்கறானா?" என்று மெல்லக் கேட்டாள். "ஏன் முன்னாடியே சொல்லல? பயப்படாத. நான் இருக்கேன்." பின்னால் திரும்பினாள். "சார், இவ மேல தப்பு இல்ல சார். உடம்பு சரியில்லாம மையத்துல இருந்துட்டு வந்தவ. என் டெஸ்ட் போனா போகுது சார். இவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அவள் தோற்றதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. நான் அடித்த அடி அவள்மேல் படவே இல்லை, பரிதாபமாக மாறி என் தலையிலேயே வந்து விழுந்தது. இனிமேல் நான் எழுந்திருக்க முடியாதவள்கூட இல்லை, இல்லாத ஆளைப் பார்க்கிறவள். நாளைக்கே என்னைத் திரும்பவும் அந்த மையத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

"யாரும் வரல சார்," என்றேன். "பொய் சொன்னேன். வேணும்னேதான் அழுத்தினேன்."

"இதுவும் நோய் பேசறதுதான் சார்," என்றாள் நாத்தனார். "தன் மேலயே பழியைப் போட்டுக்கறா."

கல்லுளிமங்கன் குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நான் ரெண்டுல ஒண்ணு எழுதணும். உடம்பு சரியில்லாம அழுத்தினதுன்னா, இந்தம்மாவோட பயிற்சி உரிமம் நிரந்தரமா ரத்து. உங்களுக்கு இந்த டெஸ்ட் கணக்குல வராது, வேற தேதியில, வேற ஆளை நானே ஏற்பாடு பண்ணித் தரேன், திரும்ப ஓட்டலாம். வேணும்னே அழுத்தினதுன்னா, இவங்களுக்கு ஆறு மாசம் தடை. ஆனா விளக்கு விளக்குதான். நீங்க தோத்தது தோத்ததுதான்." நாத்தனாரைப் பார்த்தார். "ஓட்டினது நீங்க. சாட்சி நீங்கதான். எது எழுதட்டும்?"

பொல்லாதவளுக்கு ஆறு மாதம், நோயாளிக்கு ஆயுள். அந்த விதியைப் போட்டவன் எங்கிருந்தாலும் அவன் கொள்ளையில் போக என்று மனதுக்குள் சபித்தேன். என் இருக்கை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அவள் நல்லவளாகவே இருந்துவிட்டால் நான் ஒழிந்தேன். அவளுக்குக் கோபம் வந்தாக வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள். "பாவம் சார் அவ," என்று தொடங்கினாள்.

"அண்ணி," என்றேன். "வாத்தியாரம்மாகிட்ட போன்ல என்ன சொன்னீங்க? என்னை நம்பி யாரு பக்கத்துல உட்காருவாங்கன்னு சொன்னீங்களே, நான் கேட்டேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த இடம்கூட முன்னாடியே பார்த்து வெச்சதுதான். லாரி நிக்கும்னு நினைச்சேன், நிக்கல."

அவள் கை என் கையிலிருந்து கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் விடவில்லை. "அது உன் நல்லதுக்குத்தான்..."

"கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் அழுத்தினேன். பின்னால வண்டி இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு. பைத்தியக்காரி கண்ணாடி பார்ப்பாளா?"

நான் கடைசியாக வைத்திருந்ததை எடுத்தேன். அது உண்மை என்பதால் சொல்லும்போது எனக்கே வலித்தது.

"நீங்க ஒரு தப்புகூடப் பண்ணல அண்ணி. சரிவுல நீங்க எடுத்த மாதிரி நானே என் டெஸ்ட்ல எடுக்கல. இன்னும் ரெண்டு தெரு போயிருந்தா தேறியிருப்பீங்க. தேறிடுவீங்கன்னு தெரிஞ்சதாலதான் அழுத்தினேன். தப்பா ஓட்டியிருந்தா சும்மா உட்கார்ந்திருப்பேன்."

அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். கழுத்திலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து நெற்றி. எவ்வளவு காலம் ஆயிற்று அதைப் பார்த்து. என் கையை உதறினாள்.

"தேறியிருப்பேனா?" என்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டு."

"அடிப்பாவி," என்றாள். குரல் சன்னமாக வந்தது, பிறகு வண்டியின் கூரை அதிர்ந்தது. "அடி நன்றி கெட்டவளே. உன் துணியைத் துவைச்சேனேடி. உன் புருஷனுக்கு வடிச்சுக் கொட்டினேனேடி. ராத்திரியெல்லாம் உன் கதவுகிட்ட முழிச்சுக் கிடந்தேனேடி. இந்த வயசுல நான் ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு ஆசைப்பட்டேன். அதுல கொண்டுபோய்க் காலை வெச்சியே. உனக்கு நோயா? நோயாம் நோய். சார், எழுதுங்க சார். இவளுக்கு ஒரு மண்ணும் இல்ல. இது கொழுப்பு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் கொழுப்பு. எழுதுங்க."

கல்லுளிமங்கன் எழுதினார். நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். நடந்தே போய்க்கொள்வதாகச் சொன்னார். இரண்டடி போனவர் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்து, "சரிவுல நல்லாவே எடுத்தீங்க," என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போனார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச அவரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார்.

அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னொரு தேர்வும் கிடைத்திருக்கும், என் இருக்கையும் நிரந்தரமாகக் கிடைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை ஆத்திரத்தில் விட்டுவிட்டாள். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் ஆசையாக வாங்கிக்கொண்டேன். வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் ராத்திரி கதவருகில் கிடந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

"காலைத் தூக்கி இருக்கை மேல வை," என்றாள் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "கீழே இறங்கிச்சு, ஒடிச்சுடுவேன்."

சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வழி நெடுகத் திட்டினாள். என் சமையல், என் வளர்ப்பு, என் கல்யாணத்தன்று நான் சிரிக்காமல் நின்றது, ஒன்றையும் விடவில்லை. நானும் சும்மா வரவில்லை. போனில் புறம் பேசியது யார், என் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தது யார், குளிக்கிறவளை நாற்காலி போட்டுக் காவல் காத்தது யார் என்று கேட்டேன். நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. நான் சொன்னது அவளுக்குச் சுட்டது. ஒரு சிக்னலில் நின்றபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

வீட்டு வாசலில் வீட்டுக்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நாத்தனார் நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் என்னிடம் வந்து, மெதுவாகத் தோளைத் தொட்டார்.

"படபடப்பா இருக்கா? கொஞ்சம் படுத்துக்கறியா?"

"அவகிட்ட என்னடா கொஞ்சல்?" என்றாள் நாத்தனார். "ஆறு மாசம் தொழில் போச்சு. எனக்கும் போச்சு. உன் பொண்டாட்டி வேணும்னே பண்ணிட்டு வந்து நிக்கறா. நாலு வார்த்தை கேளுடா."

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவித்தார். "நீ பண்ணினது தப்பு," என்றார், யாருக்கும் கேட்காமல்.

"என்ன? காதுல விழல," என்றேன்.

"தப்புன்னு சொன்னேன்."

"தாழ்ப்பாளைக் கழட்டி மக்கு வெச்சு அடைச்சீங்களே, அது சரியா?"

"நான் ஏன் கழட்டினேன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மேலே ஏறியது. "நீ சாகணும்னு சொன்னே. என் முகத்தைப் பார்த்துச் சொன்னே. அப்புறம் நான் எப்படித் தூங்குவேன்? எத்தனை நாள் தூங்கல தெரியுமா? இப்ப தொழிலையும் கெடுத்துட்டு வந்து திமிரா நிக்கறே."

இனிப்புப் பொட்டலம் கீழே விழுந்து அவிழ்ந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. இத்தனை நாள் அவர் வாயில் அடக்கி வைத்திருந்தது முழுக்க வெளியே வந்தது, நான் ஒரு படி கீழே நின்று அத்தனையையும் வாங்கினேன். வலித்தது. நன்றாக வலித்தது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, சொல்லவும் தொடங்கினேன். நாத்தனார் இடையில் புகுந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. நான் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.